எந்திரத்தை ஏற்றுக்கொண்ட கிளை

7 ஏப்ரல் 2025, திங்கள்
ஜொகூர் மாநிலத்தில் எங்கள் ஸ்கூடாய் வங்கிக் கிளைக்குப் புது எந்திரம் வந்திருக்கிறது. பணம் வாங்கும், கொடுக்கும், பாஸ்புக் அடிக்கும். தலைமையகத்தின் கடிதப்படி, வாடிக்கையாளர்கள் அதை ஏற்காவிட்டால் குற்றம் ஊழியர்களின் மனப்பான்மையில்தானாம்; கவுண்டர்காரர்களை வேறு ஊருக்கு மாற்றுவார்களாம். என் மனைவி சாந்தினிக்கு வாரம் மூன்று முறை இங்கே டயாலிசிஸ். அவளை விட்டு நான் எங்கும் போக முடியாது. ஆகவே எந்திரம் எனக்குப் பிடித்துவிட்டது.

10 ஏப்ரல்
வெள்ளையம்மா பென்ஷன் எடுக்க வந்தார். எந்திரத்தைக் காட்டினேன். "அதுகிட்ட போயி நான் என்னா பேசறது தம்பி? நீங்கதான் இருக்கீங்கல்ல."

18 ஏப்ரல்
பக்கத்துக் கவுண்டர் ரூபினி வழி கண்டுபிடித்தாள். "அண்ணே, அவங்கள எதுக்குப் பழக்கணும்? கார்டை வாங்கி நாமளே அமுக்கிட்டா மிஷின் கணக்கு ஏறும் லா." மேலாளர் ஜாஸிம் கேட்காதவர்போல மைலோ குடித்தார். எங்கள் கிளையில் அதற்குப் பெயர் ஒப்புதல்.

8 மே
கவுண்டரை விட்டு நாள் முழுதும் எந்திரத்தின் முன் நிற்கிறோம். வாடிக்கையாளர்கள் நாற்காலியில். வெள்ளையம்மா தன் ரகசிய எண்ணை அங்கிருந்தே உரக்கச் சொல்கிறார். கால் வலி.

23 மே
எந்திரப் பயன்பாட்டில் ஜொகூரிலேயே நாங்கள்தான் முதலிடம். தலைமையகம் கேக் அனுப்பியது.
"இனி மாத்த மாட்டாங்க" என்றேன் வீட்டில். "நல்லதாப் போச்சு" என்று சாந்தினி கண்ணை மூடிக்கொண்டாள்.

7 ஜூலை
கடிதம். வாடிக்கையாளர்கள் எந்திரத்தை முழுமனதோடு ஏற்றுவிட்டதால் கவுண்டர்கள் இனித் தேவையில்லை. ரூபினிக்கும் எனக்கும் கோலாலம்பூர்.

8 ஜூலை
ஜாஸிமிடம் போனேன். "அமுக்கினது நாங்கதான்னு சொல்லிடலாம் பாஸ்."
"சொல்லலாம்ணே. கஸ்டமர் கார்டு, பின் நம்பர் எல்லாம் வாங்கினோம்னும் சேத்துச் சொல்லணும். அப்புறம் டிரான்ஸ்ஃபர் இருக்காது. வேலையே இருக்காது."
நியாயமான மனிதர். எனக்கும் ஒரு மைலோ சொன்னார்.
யாருய்யா என்னை அவ்ளோ ஒழைக்கச் சொன்னது? கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா — சே.

21 ஜூலை
ராஜினாமாவை இணையத்தில்தான் கொடுக்க வேண்டும். சாந்தினி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மிக எளிதாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. டயாலிசிஸ் செலவைக் கட்டும் வங்கி மருத்துவ அட்டை இந்த மாதக் கடைசிவரை செல்லும்.

13 ஆகஸ்டு
இன்று சாந்தினியை டயாலிசிஸுக்கு நானே அழைத்துப் போனேன். இனி எல்லா முறையும் முடியும்.
"அண்ணனுக்கு இன்னைக்கு லீவா?" என்றாள் தாதி.
நான் வாய் திறப்பதற்குள் சாந்தினி, "ஆமா" என்றாள்.