வாத்து குழாய்க்குள் போகும் பக்கம்

உன் அம்மாவிடம் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. உன் அம்மா தாராவியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியை எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கிவைத்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு இத வீட்ல வச்சிருக்கப் பயமாருக்கு மக்கா. அவ இருக்கும்போது அவ பாத்துக்கிட்டா. பிள்ளைகள்லாம் இன்னும் ஞாயித்துக்கெழம வந்து ரூம் வாசல்ல உக்காந்திருக்கு. போங்கன்னாலும் போவமாட்டக்கு. நீ வருவியா மாட்டியா, ஒண்ணு சொல்லிரு. ரூமப் பூட்டணும்னா பூட்டிருதேன்."

பெட்டிக்குள் நம் படப்புத்தகங்கள். நீ இறந்த பிறகு, நேற்று வரை, நான் அவற்றைத் தொடவில்லை.

இன்று காலை சன்னல் வழியாகப் பசை வாசனை வந்தது. மைதாவும் மயில்துத்தமும். ஒரு கணம் நீ எங்கள் சமையலறையில் நிற்பதாகவே நினைத்தேன். எட்டிப் பார்த்தால் கீழே காம்பவுண்டுச் சுவரில் மூன்று பேர் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளி, தென்னை மட்டை பிரஷ். நம் தமிழர்களை ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லும் மராட்டிச் சுவரொட்டி. அவர்களுக்கும் அதே பசைதான். ஒருவன் தலையை நிமிர்த்தினான். நான் சன்னலை மூடினேன். அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாம் பசை காய்ச்சிய பாத்திரம் இன்னும் பரணில் இருக்கிறது. தவறிப்போய் யாரும் அதில் ரசம் வைத்துவிடக் கூடாது என்று அம்மா பாத்திரத்தின் காதில் சிவப்புக் கயிறு கட்டிவைத்தாள். துத்தம் விஷம். நீ சிரித்தாய். "கொஞ்சம் விஷம் போட்டாத்தான் கரப்பான் திங்காது, ஏட்டி. புஸ்தகத்துக்கும் தற்காப்பு வேணும்லா?"

அது கல்லூரியில் நாம் சேர்ந்து படித்த காலம். மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்து ரத்திக்கடையில் எடைக்கு வந்த பழைய பேப்பரோடு பேப்பராகக் குழந்தைகள் புத்தகம் வந்து விழும். பெரும்பாலும் மராட்டி. சில குஜராத்தி. எப்போதாவது வழவழப்பான தாளில் இங்கிலீஷ். உனக்கு மொழி ஒரு பொருட்டே இல்லை. படம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாய். உங்கள் சந்துப் பிள்ளைகள் தெருவில் இந்தி பேசினார்கள், வீட்டில் திருநெல்வேலி பேசினார்கள், தமிழ் எழுத்தைப் பார்த்தால் விழித்தார்கள். அவர்களுக்காகத் தமிழில் படப்புத்தகம் கிடைக்கவில்லை. நாமே செய்தோம். நீ கதையைச் சொல்வாய். நான் பெரிய எழுத்தில் வெள்ளைத் தாளில் எழுதுவேன். நீ நறுக்கி, படத்துக்கு அடியில் அச்சாகியிருந்த வரியின் மேல் ஒட்டுவாய். ஓரம் எழும்பாமல் நகத்தால் தேய்ப்பாய். ஞாயிறுதோறும் உங்கள் சந்தில் ஒரு ரூமில் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிப்பாய்.

வெள்ளைத் தாளுக்கு அடியில் என்ன எழுத்து இருக்கிறது என்று நாம் யோசிக்கவே இல்லை. யோசிக்க வேண்டிய காலமாக அது இல்லை.

பனி பெய்கிற புத்தகம் ஒன்று. வெள்ளை வெளேரென்று வீடுகள், தொப்பி போட்ட மரங்கள். நான் 'பனி' என்று எழுதினேன். நீ தாளைக் கசக்கினாய். "பனின்னா இதுகளுக்கு இருமல் வரும்னுதான் தெரியும். உப்புன்னு எழுது. வடாலா உப்பளத்தப் பாத்திருக்குல்லா." வானத்திலிருந்து உப்பு கொட்டியது என்று எழுதினேன். அன்று முதல் அந்தப் புத்தகத்தைக் கேட்கும்போதெல்லாம் குழந்தைகள் நாக்கை நீட்டிக்கொண்டுதான் கேட்டார்கள்.

யானைக்குச் சட்டை தைக்கும் தையல்காரன். ஏணி வைத்து அளவெடுப்பான். ரோஸி என்கிற சின்னப் பெண், அப்பா தோல் ஷாப்பில் வேலை, ஒரு நாள் எழுந்து கேட்டாள்: "யானைக்குச் சட்ட எதுக்கு? அதான் நல்ல தோலு இருக்கே!" அந்தப் பக்கத்தில் நீ ரோஸியின் வரியையும் சேர்த்து ஒட்டினாய்.

ஆனால் எல்லாருக்கும் பிடித்தது வாத்துப் புத்தகம். எனக்கும். ஒரு வாத்து தன் நிழலைத் தொலைத்துவிட்டுத் தேடிப்போகிறது. குளம், சந்தை, ரயில் பாலம். கடைசியில் ஒரு பெரிய குழாய்க்குள் நுழைகிறது. குழந்தைகள் அது மாஹிம் பக்கம் போகும் நம் தண்ணீர்க் குழாயேதான் என்று நம்பினார்கள். அடுத்த பக்கம் முழுக்கக் கறுப்பு. நடுவில் இரண்டு மஞ்சள் கண்கள். அதற்கும் அடுத்த பக்கத்தில் அந்தக் கண்களுக்குச் சொந்தமான ஒரு பூனைக்குட்டி இருக்கிறது. வாத்தைப் பார்த்துப் பயந்து சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது.

கறுப்புப் பக்கம் வந்ததும் கத்த வேண்டும். யாரும் வைத்த சட்டமில்லை. எல்லாரும் சேர்ந்து, தொண்டை கிழிய. தகரக் கூரை அதிரும். முதல் தடவை சந்துப் பெண்கள் கரண்டியும் விளக்குமாறுமாக ஓடிவந்தார்கள். இரண்டாம் தடவை திட்டினார்கள். பிறகு யாரும் வருவதில்லை. "வாத்து குழாய்க்குள்ள போயிட்டு" என்று சொல்லிவிட்டு அரிசி களைவார்கள்.

பிறகு அந்தப் பயம் வந்தது. படத்தில் இல்லாத பயம்.

முதலில் ஒரு தமிழ் ஹோட்டலின் போர்டு உடைந்தது. அப்பா தமிழ்ப் பத்திரிகையை இங்கிலீஷ் பேப்பருக்குள் மடித்துவைத்து ரயிலில் படிக்கத் தொடங்கினார். பிறகு படிப்பதையே விட்டார். அம்மா மார்க்கெட்டில் விரலால் காட்டிக் காய் வாங்கினாள். பஸ்ஸில் நீயும் நானும் பேசாமல் போனோம். நீ பேசாமல் வந்தது எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

அந்த ஞாயிறு. நான் குழந்தைகளுக்குப் பின்னால் சுவரோரம். நீ வாத்துப் புத்தகத்தைக் கையில் எடுத்திருந்தாய். வாசலில் வெளிச்சம் மறைந்தது. நான்கு இளைஞர்கள். நம் வயதுதான். ஒருவன் செருப்போடு உள்ளே வந்து உன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கினான். பிடுங்கவில்லை. வாங்கினான். முதல் பக்கத்தில் தாளின் ஒரு மூலை எழும்பியிருந்தது. அதை நகத்தால் நெம்பினான். தமிழ் உரிந்து வந்தது. அடியில் மராட்டி.

"ஹே காய்?" என்றான். இது என்ன?

நீ மராட்டியில்தான், அண்ணனைக் கூப்பிடுவதுபோல் 'பாவு' என்று கூப்பிட்டுப் பதில் சொன்னாய். குழந்தைகளுக்கான கதை, பாவு. அவர்களுக்குப் புரிவதற்காக.

எங்கள் பாஷையைப் புதைத்து அதன்மேல் உங்கள் பாஷையா, என்றான். மெதுவாகத்தான் கேட்டான். அதுவரை எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அவன் கேட்டதும் அப்படித்தான் தெரிந்தது.

அவன் பக்கம் பக்கமாக உரித்தான். பக்கம் திரும்பியதும் குழந்தைகள் அது வாசிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். வரிகள் அவர்களுக்கு மனப்பாடம். அவன் உரிக்க உரிக்க அவர்கள் சொன்னார்கள். "குளத்துல தேடுச்சு. காணல." அவன் கையில் தாள் சுருள். "சந்தையில தேடுச்சு. காணல." இன்னொரு சுருள் தரையில். நீ அவர்களைப் பார்த்துத் தலையசைத்தாய், போதும் என்று. அவர்கள் உன்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரயில் பாலம் வந்தது. குழாய் வந்தது. அடுத்தது எது என்று உனக்கும் எனக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது.

திருப்பினான்.

முப்பது குழந்தைகளாவது இருக்கும். அப்படி ஒரு கத்தல்.

அவன் துள்ளிப் பின்னால் போய்க் கதவில் முட்டிக்கொண்டான். புத்தகம் விழுந்தது. சந்திலிருந்து யாரும் ஓடிவரவில்லை. யாரும் வரமாட்டார்கள். வாத்து குழாய்க்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான் அவர்களுக்கு. அந்த அறையில் அப்போது உண்மையிலேயே நம்மை யாராவது வெட்டிப் போட்டாலும் அரிசி களைந்துகொண்டேதான் இருப்பார்கள்.

வாசலில் நின்ற கூட்டாளி ஒருவன் சிரித்தான். "காபர்லா ரே, காபர்லா!" பயந்துட்டான்டா. மற்ற இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். குழந்தைகளும் சிரித்தார்கள். ரோஸி கைதட்டினாள். அவன் முகத்தை அப்போது பார்த்தேன். பாஷையைப் பற்றிக் கேட்டபோதுகூட இல்லாத ஒன்று அதில் இருந்தது. இனி அடிப்பான் என்று நினைத்தேன்.

நீ சிரிக்கவில்லை. குனிந்து புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினாய். அந்த இடத்தில் எல்லாரும் பயப்படுவார்கள், பாவு, என்றாய். நானும்தான்.

அவன் உன் கையிலிருந்து அதை மறுபடி வாங்கினான். அக்குளில் இடுக்கிக்கொண்டான். இந்த ரூம் இனிமேல் திறந்திருக்கக் கூடாது, என்றான். போனார்கள்.

திரும்பும்போது நீ மாதுங்கா வரை என்னோடு பஸ்ஸில் வந்தாய், கொண்டுவிட. இறங்கியதும், மரத்தடியில், நான்தான் ஆரம்பித்தேன். கொளுத்தத்தான் கொண்டுபோகிறான் என்றேன்.

"கொளுத்தணும்னா அங்கயே கொளுத்தியிருப்பான்லா."

"பின்னே எதுக்கு எடுத்துண்டு போறான்?"

"அடுத்த பக்கத்தப் பாக்காண்டாமா? பாதியில வச்சா யாருக்குத் தூக்கம் வரும்?"

இதை நம்பித்தான் சொன்னாயா, எனக்காகச் சொன்னாயா, தெரியாது. கேட்டிருக்கலாம். அடுத்த ஞாயிறும் திறந்தாய். நானும் வந்தேன், ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு. அவர்கள் வரவில்லை. வராதது என் பயத்தைக் குறைக்கவில்லை. மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் உன் கண்களைப் பார்த்து நான் வெளியே போய் நின்றேன். நீ கூப்பிட்டாய். "என்னட்டி, குழாய்க்குள்ள பாத்த மாதிரி இருக்கா?" என்றாய். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

நேற்று அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். யானைப் படத்தில் கொஞ்சம் நின்றார்.

"அழகாத்தான் பண்ணியிருக்கேள். ஆனா ஆத்துல வேண்டாம்டி கொழந்தே. ரத்திக்காரன்ட்ட போட்டுடு. மனசு வரலேன்னா ஈரத்துணியால துடைச்சு அந்தச் சீட்டையாவது உரிச்சுடு. அடியில மராட்டிதானே? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா."

அவர் சொன்னதில் தவறில்லை. அவருக்கு நான் ஒரே பெண். ஈரத்துணி எடுத்து உட்கார்ந்தேன். ஒரு சீட்டு உரித்தேன். மராட்டி வரி பத்திரமாக வந்தது. மெதுவாக வாசித்தேன். தையல்காரன் ஏணியில் ஏறினான் என்று இருந்தது. நம் வரியும் அதேதான். ஆனால் ரோஸியின் வரிக்கு அடியில் ஒன்றும் இல்லை. வெறும் நீல வானம். அதற்குமேல் உரிக்க முடியவில்லை.

உன் தைரியம் என்னிடம் வந்துவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. பஸ்ஸில் அன்று நீ என் கையைப் பிடித்திருந்தாய். வேர்த்து, சில்லிட்டு, பிடி தளராமல், மாதுங்கா வரை. 'நானும்தான்' என்று நீ அவனிடம் சொன்னது பொய்யில்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கை மட்டும். பயந்த கை. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரியவில்லை.

இதுவரை எழுதியது சனிக்கிழமை. மிச்சத்தை இப்போது, ஞாயிறு மாலை, எழுதுகிறேன்.

அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். புத்தகங்களைக் காய்கறிப் பையில் போட்டு மேலே கீரைக்கட்டு வைத்தேன். உன் அம்மா ரூம் சாவியைத் தந்தார். குழந்தைகள் உள்ளே ஓடி அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அறைக்குச் சன்னல் இல்லை.

"அக்கா, மூடினா படம் தெரியாதே" என்றாள் ரோஸி.

தாழ்ப்பாளை எடுத்துக் கதவை முழுக்கத் திறந்து, அது காற்றில் சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு வந்து, யானைப் புத்தகத்தைப் பிரித்தேன்.