அஞ்சலையின் படம்

பிப்ரவரி 10, செவ்வாய்
விடியலிலிருந்து மழை. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கூட்டம் குறைவு, கிராணி எனக்குப் பேர் பதியும் செக்ரோல் வேலை சீக்கிரம் முடிந்தது. ஆபீசில் ஹீட்டர் மறுபடியும் ரிப்பேர்.

சுலோ போன் செய்தாள். தோட்டப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சு. இப்போது கோலாலம்பூரில் விரிவுரையாளர்.
"மல்லி, நம்ம தோட்டத்து அஞ்சலைப் பாட்டியோட வாழ்க்கைய எழுதி முடிச்சிட்டேன்டி. ஆறே மாசம்தான்."

ஆறு மாதம். அதே கதைக்கு எனக்குப் பதினொரு வருடம், நான்கு நோட்டு, முதல் அத்தியாயமே முடியவில்லை. "நல்லதுடி" என்றேன். வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

கம்போங் ராஜா டவுனில் வாங்க: சீரகம், பேனா, அம்மாவுக்குக் கால் தைலம்.

பிப்ரவரி 12, வியாழன்
மூடுபனி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஈப்போ பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடிப் புத்தகத்தைப் புரட்டினேன். இங்கிலீஷ் நாவலாசிரியை ஒருத்தியின் வாழ்க்கை வரலாறு. காலையில் என்ன தின்றாள், எந்த ஜன்னலோரம் எழுதினாள், கடிதத்தில் யாரைத் திட்டினாள், எல்லாம் இருக்கிறது. செத்துப்போன வெள்ளைக்காரி மேல்கூடப் பொறாமை எனக்கு.

அஞ்சலைக்கு என்ன இருக்கிறது? பழைய செக்ரோலில் ஒரு நம்பர், ஒரு கைநாட்டு. தேயிலை பறிக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயா கொட்டாய் அப்போது ஒழுகியது. கூரை போடும்வரை கொழுந்துக் கூடையைத் தொடமாட்டோம் என்று பெண்களை அழைத்துப்போய் துரை பங்களா வாசலில் உட்கார்ந்தவள். இரண்டு நாள், மழையில். கூரை வந்தது.

இதைத் தோண்டி எடுத்தவள் நான். சுலோவிடம் சொன்னவளும் நான், ஒரு தீபாவளிக்கு, முறுக்கு தின்றுகொண்டே. என் வாயை என்ன செய்ய.

பிப்ரவரி 14, சனி
வெயில். துணி காய்ந்தது.

வாட்சப்பில் புத்தக அட்டை. மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணின் படம். கூடவே சுலோவின் குரல்: "பாப்பாத்தி அக்கா வீட்டுல மாலை போட்டு மாட்டியிருந்துச்சு. அக்கா கோயிலுக்குப் போயிருந்தாங்க, மருமக கழட்டிக் குடுத்தா. இவங்கதானே பாட்டி? நீ சொன்னா சரிடி."

இவள் அஞ்சலை இல்லை. அஞ்சலை காமிரா முன் நின்றது ஐசி அடையாள அட்டைக்கு ஒரு தடவைதான். அதையும் கரையான் அரித்துவிட்டது. கருமாதிக்கு மாலை போட ஒரு முகம் வேண்டுமே. அஞ்சலையின் நாத்தனார் பொன்னம்மாவின் படம் இருந்தது. பிள்ளை குட்டி இல்லாமல் முன்பே போய்ச் சேர்ந்தவள். அதையே வைத்துப் படைத்தார்கள், அப்படியே சுவரில் நின்றுவிட்டது. அஞ்சலையின் மகள் பாப்பாத்தி அக்காவே தன் வாயால் சொன்னது, என் மூன்றாம் நோட்டில் இருக்கிறது.

சுலோவுக்குச் சரி என்று கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்
கியா பார்ம் ரோட்டில் ஜாம். அம்மாவின் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் லேட்.

சுலோவிடம் உண்மையைச் சொல்ல மூன்று தடவை போனை எடுத்தேன். முதல் தடவை லைன் இல்லை. மற்ற இரண்டுக்கும் சாக்கு இல்லை.
"என்னாடி, போன வச்சிக்கிட்டு முழிக்கிற?" அம்மா.
"ஒண்ணுமில்லலா."

அச்சாகட்டும். ஊர் பார்த்துச் சிரிக்கட்டும். இப்படி எழுதவும் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு
தூறல். கோயில் மண்டபத்தில் வெளியீடு. பேனரில் ஆளுயரத்துக்குப் பொன்னம்மா. சுலோ பட்டுச் சேலையில். கல்யாண வீடென்றால் அவள்தான் மாப்பிள்ளை.

யாரும் சிரிக்கவில்லை. கிழவிகள் சிலர் பேனரைக் கும்பிட்டார்கள்.

பாப்பாத்தி அக்கா நெடுநேரம் பேனரைப் பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கிராணியம்மா, இது எங்க அத்தைலா. ஒங்களுக்குத்தான் தெரியுமே. சொல்லலியா?"
மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேடையில் சுலோ: "மல்லிகா இல்லாட்டி இந்தப் புத்தகம் இல்ல. மொதப் பக்கத்துலயே அவ பேரப் போட்டிருக்கேன்." கைதட்டல். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. தன் பிரதியை என் மடியில் வைத்தார். "என்னா போட்டிருக்கு? படிங்க, கேப்போம்."

பதினொரு வருடமாக அச்சில் பார்க்க ஏங்கிய என் பேர். படித்தேன்: "அட்டையில் இருப்பவர் அஞ்சலையே என உறுதி செய்தவர், என் தோழி மல்லிகா."

அக்கா தலையசைத்தார். "இன்னொரு தடவ படிங்க" என்றார்.