இடது முன்சக்கரத்துச் சத்தம்

ஜூன் 11, வியாழன்

காற்று. விடிந்து பார்த்தால் கார் மேல் ஒரு பூச்சு. பாதி புழுதி, பாதி துறைமுகத்து நிலக்கரித் தூள், மிச்சம் உப்பு. ஈரத்துணியால் துடைத்தேன். புது வண்டி என்பது இன்னும் தெரிகிறது.

கிருபையுடன் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. புது வண்டியில் முதல் மருந்து நாள். ஸ்கூட்டரில் இனி அவளை ஏற்ற முடியாது. வாடகைக் காருக்குச் சம்மதிக்க மாட்டாள். "அடுத்தவன் வண்டியில வாந்தி எடுத்துட்டு அவன் முகத்துல எப்பிடி முழிக்க?" என் மனைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வாந்தியிலும் ஒழுங்கு. அதற்காகத்தான் இந்த வயதில் கார்.

ரயில்வே கேட்டைத் தாண்டும்போது முதல் சத்தம். முன்பக்கம், இடது சக்கரம். டொக். பூட்டிய கதவை ஒருவன் விரல் மடக்கித் தட்டுவதுபோல. அதற்குப் பிறகு பள்ளத்துக்குப் பள்ளம். கன்டெய்னர் லாரிகள் போகிற சாலை, பள்ளத்துக்குப் பஞ்சமில்லை.

கி. உட்காருவது இடப்பக்கம். சக்கரம் ஏறக்குறைய அவள் காலடியில். ஓட்டுகிற எனக்கு அது சத்தம், அவளுக்கு இடுப்பில் விழுகிற அடி. மார்பில் ஆரம்பித்த நோய் இடுப்பெலும்புக்கு வந்துவிட்டது. ஸ்கேனில் வெள்ளைப் புள்ளிகளாகக் காட்டினார்கள்.

"ரொம்ப வலிக்கா?"

"எனக்கென்ன. வண்டிதான் தூக்கித் தூக்கிப் போடுது."

டாக்டருக்கும் அதே பதில். "வந்த அலுப்பு டாக்டர். ரோடும் சரியில்ல, இவங்க வாங்கின வண்டியும் சரியில்ல." டாக்டர் சிரித்தார். எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

மருந்து ஏறி முடிகிற வரை வராந்தாவில் வண்டியின் கையேடு படித்தேன். சத்தத்துக்கென்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. பாட்டுப் பெட்டியில் அதைக் கூட்டுவது எப்படி, குறைப்பது எப்படி.

ஜூன் 12, வெள்ளி

வண்டி வாங்கிய கடையின் ஒர்க்‌ஷாப். சர்வீஸ் அட்வைசர்: மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அட்டை. அவர் ஓட்ட, நான் பக்கத்தில். நாலுவழிச் சாலையில் புதிதாகத் தார் போட்ட பகுதியாகத் தேடிப் போனார்.

"சத்தம் எதும் கேக்கலியே சார்."

"இங்கன பள்ளமே இல்லியே தம்பி."

"அதத்தான் சார் நானும் சொல்லுதேன். வண்டில ஒண்ணும் இல்ல. புது வண்டி மொதல்ல கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும். ஓட ஓட செட் ஆயிரும். நார்மல்."

எலும்பு வலி இந்தக் கட்டத்தில் நார்மல் என்று போன மாதம் டாக்டர் என்னிடம் சொன்னார். இரண்டு துறைகளுக்கும் இந்த ஒரு சொல்லை யார் வழங்கினார்கள் என்று தெரியவில்லை.

வற்புறுத்திய பிறகு வண்டியை மேலே தூக்கினார்கள். அடியில் விளக்குப் பிடித்தார்கள். ஒரு போல்ட் இறுக்கினார்கள். கழுவித் தந்தார்கள். கழுவியது நன்றாக இருந்தது.

திரும்பும்போது ரயில்வே கேட். டொக்.

ஜூன் 14, ஞாயிறு

வெயில். காற்று நின்று புழுக்கம். கி. வரவில்லை, நான் மட்டும் ஆராதனைக்கு. முடிந்து வெளியே வந்ததும் காரைச் சுற்றிக் கூட்டம். விஷயம் பரவியிருக்கிறது. சபையாரின் தீர்ப்புகள்:

ஸ்டீயரிங் கோளாறு. (பாங்க்கில் இருந்தவர்.)

டயரில் காற்று கூடுதல். (யார் என்று பார்க்கவில்லை.)

உப்பு அரித்திருக்கும். (சொன்னவர் உப்பளம் வைத்திருக்கிறார். சொந்தத் தொழில் மேல் இவ்வளவு மனக்கசப்பு இருக்கும் என்று நினைக்கவில்லை.)

கண்ணேறு. "நம்ம அதெல்லாம் நம்புறதில்ல அண்ணாச்சி. ஆனாலும் டயருக்கு அடியில ஒரு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்திருந்தா ஒண்ணும் கெட்டுப் போயிருக்காது." (பாடகர் குழு அம்மா ஒருவர்.)

கி. எப்படி இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க முடியாததைக் கேட்காமல் இருக்க அவர்களுக்கு ஒரு கார் கிடைத்தது. குறை சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான்.

போதகர் கையைப் பிடித்துக்கொண்டார். "வண்டி எப்பிடி ஓடுது? ஷோரூம்லயே வச்சு ஜெபிச்ச வண்டியாச்சே."

"ஓடுது ஐயரே. சத்தம் போட்டுக்கிட்டே ஓடுது."

"ஜெபத்துல வச்சுக்கிடுதேன்."

வண்டி எடுத்த நாளை நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை. நாங்கள் ராகு காலம் பார்ப்பவர்கள் இல்லை. நாசரேத்தில் மிஷன் பள்ளியில் படித்த முதல் தலைமுறையோடு அது குடும்பத்தை விட்டுப் போய்விட்டது. பத்தரைக்கு முன்னால் வண்டியை எடுத்தாக வேண்டும் என்று கி. சொன்னது வெயிலுக்காக. பத்தரைக்குள் ஜெபம் முடிய வேண்டும் என்று போதகர் சொன்னது ஒரு நல்லடக்க ஆராதனைக்காக. நானும் அவசரப்பட்டேன், எனக்குப் பசி. மூன்று காரணங்களும் வெள்ளிக்கிழமை ராகு காலம் தொடங்குகிற பத்தரை மணியில் வந்து கூடியது தற்செயல்.

ஜூன் 16, செவ்வாய்

மாப்பிள்ளையூரணி ரோட்டில் நானே பரிசோதனை. கல்லூரியில் தத்துவப் பாடம் எடுத்தவன். காரணகாரியத்தை மேடையில் விளக்கியிருக்கிறேன், சாலையில் தேடியதில்லை.

தனியாக ஓட்டினால் சத்தம் குறைவு. பக்கத்தில் எடை வேண்டும். கி.யை உட்காரச் சொல்ல மனமில்லை. அரிசிக் கடையில் ஒரு மூட்டையும் அரை மூட்டையும் வாங்கி அவள் இருக்கையில் வைத்தேன். வீட்டுத் தராசில் பார்த்தால் அவள் எடையைவிடக் கூடுதல். கொஞ்சம் அரிசியை அண்டாவில் கொட்டிக் குறைத்தேன். இன்னும் கூடுதல். மறுபடியும் குறைத்தேன். பிறகு கொஞ்ச நேரம் அண்டாவிலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெல்ட் போடாவிட்டால் வண்டி கூவுகிறது. மூட்டைக்கும் பெல்ட். ஜன்னலிலிருந்து கி.: "என் இடத்துல யாரு?"

"அரிசி."

"பேசாம வருமா?"

"அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

கண்டது: பிரேக் போட்டால் சத்தம் இல்லை. வளைவில் இல்லை. ஏறி இறங்கினால் மட்டும். இடப்பக்கம் மட்டும். சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்து உள்ளே டார்ச் அடித்தேன். கெட்டியான சுருள்வில். அதன் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு ரப்பர் கட்டை, பிடித்துவைத்ததுபோல. நன்றாகத்தான் பொருத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

இரவு அந்த அரிசியில்தான் சோறு. கி. இரண்டு வாய்.

ஜூன் 18, வியாழன்

புழுதிக் காற்று, எதிரே வரும் லாரி தெரியவில்லை. வாகைக்குளம் தாண்டி ஒரு பெரிய பள்ளம், தவிர்க்க முடியவில்லை. டொக். கி. கைப்பிடியைப் பிடித்த கை வெளுத்துவிட்டது.  பிறகு, வகுப்பில் விடுமுறை அறிவிக்கிற அதே குரலில்:

"அடுத்த வியாழன் நான் வரல."

"மருந்து?"

"இந்த வண்டியில நான் வரல. அவ்வளவுதான்."

"வேற வண்டி பாப்போம்."

"வேற வண்டியிலயும் வரல."

"இத சரி பண்ணிட்டா?"

யோசித்தாள். "சத்தம் நின்னா வாரேன்."

டாக்டரைத் தனியே கேட்டேன். இப்போது இடையில் விட்டால்? விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது என்றார். முதலிலிருந்தும் முடியாது என்றார். வேறு எங்கிருந்து என்று சொல்லவில்லை.

அவளுக்கு மருந்து ஏறும்போது வாகன நிறுத்தத்தில் இருந்தேன். வேப்பமரத்தடியில் எங்களுடையதே மாதிரி ஒரு கார், நிறம் மட்டும் வேறு. முன்சக்கரம் திருப்பியே நின்றது. மண்டி போட்டு டார்ச் அடித்தேன். பின்னால் ஒரு குரல்.

"யாருவே அது? டயர்கிட்ட என்ன சோலி?"

கையில் பிளாஸ்க்குடன் பருத்த மனிதர். சாத்தான்குளத்தில் பாத்திரக் கடையாம். விஷயத்தைச் சொன்னேன்.

"காத்தப் புடுங்க வந்த ஆளுன்னு நெனச்சேன். நரச்ச தலையப் பாத்துட்டுக் கைய ஓங்காம விட்டேன்."

"உங்க வண்டி சத்தம் போடுதா அண்ணாச்சி?"

"வண்டி போடல. உள்ள எங்க அம்ம கெடக்கா. அவதான் போடுதா."

பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு அவரும் குனிந்தார். அவர் வண்டியில் இடப்பக்கச் சுருளில் ரப்பர் இல்லை. வலப்பக்கமும் இல்லை. என் வண்டிக்கு வந்தோம். வலப்பக்கம் இல்லை. இடப்பக்கம் இருக்கிறது.

"ஒண்ணு, உமக்கு கம்பெனிக்காரன் கூடக் குடுத்திருக்கான். இல்லன்னா எனக்குக் கொறச்சிருக்கான்," என்றார். "எதுக்கும் ரெண்டு பேரும் போய்ச் சண்ட போடுவோம்."

சத்தமாகச் சிரித்தேன். ஆஸ்பத்திரி வளாகம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் 19, வெள்ளி

ஒர்க்‌ஷாப். கட்டையைக் காட்டினேன். அட்வைசர் நெடுநேரம் பார்த்தார். நார்மல் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினார்.

புது வண்டிகளைப் பெரிய லாரியில் ஏற்றிக் கொண்டுவருவார்களாம். வழியில் குதிக்காமல் இருக்கச் சுருளுக்குள் இந்தக் கட்டையைச் செருகி இறுக்கிவிடுவார்களாம். வாங்குபவரிடம் தரும்முன் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் அந்தப் பக்கம் வில் வேலை செய்யாது. பள்ளத்தின் அடி நேரே மேலே வரும்.

"ஒரு பக்கம் மட்டும் எப்படித் தங்கும்?"

உள்ளேயிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவருக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"வலப்பக்கம் எடுத்துட்டேன் சார். இடப்பக்கம் போறதுக்குள்ள ஐயர் வந்துட்டாங்க. எல்லாரும் வாங்க, கண்ண மூடுங்கன்னாங்க. மூடினோம். தொறந்தா மணி பத்தேகால். அம்மா சாவி சாவின்னு நின்னாங்க. நானும் முடிஞ்சிட்டுன்னே நெனச்சிட்டேன்."

நீண்ட ஜெபம் அது. எனக்கும் நினைவிருக்கிறது. விபத்து, திருட்டு, தீ, பெருவெள்ளம், பொல்லாத மனிதர் எல்லாவற்றையும் பெயர் சொல்லி இந்த வண்டியிலிருந்து விலக்கினார். ரப்பர் கட்டையை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

கழற்ற ஒரு டீ குடிக்கிற நேரம். மன்னிப்புக் கேட்டார்கள், மறுபடியும் கழுவித் தந்தார்கள்.

கி.யிடம் ரப்பர் என்று மட்டும் சொன்னேன். சாவி கேட்டது யார் என்பதைச் சொல்லவில்லை.

ஜூன் 22, திங்கள்

அரிசி மூட்டையுடன் ரயில்வே கேட், மாப்பிள்ளையூரணி ரோடு, துறைமுகச் சாலையின் மிக மோசமான பகுதி. வேண்டுமென்றே ஒரு பள்ளத்தையும் விடாமல். சத்தம் இல்லை. வண்டி மெத்தை மாதிரி அமுங்கி எழுகிறது. உப்பளத்துப் பக்கம் நிறுத்தி இறங்கி நின்றேன். காற்று. வெகுநாளைக்குப் பிறகு ஒரு வேலையைச் சரியாக முடித்த திருப்தி.

கி.யிடம் சொன்னேன்.

"நம்பலாமா?"

"அரிசி ஒண்ணும் சொல்லல."

சிரித்தாள். "சொன்னது சொன்னதுதான். வாரேன்."

மின் கட்டணம். பால்காரரிடம் அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

ஜூன் 25, வியாழன்

காற்று குறைவு, மூட்டம். சீக்கிரமே கிளம்பினோம். கி. நீலச் சேலை. ரயில்வே கேட்டில் வண்டி ஏறி இறங்கியது. டொக் இல்லை.

அது இருந்த இடத்தில் வேறொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளுக்குள் இழுக்கிற ஒரு சின்ன ஒலி. லாரி என்று நினைத்தேன். அடுத்த பள்ளத்தில் மறுபடியும். அடுத்ததிலும். வாகைக்குளம் வரை ஓட்டுவதற்குள் சந்தேகம் இல்லை. இவ்வளவு நாளும் பள்ளத்துக்கு இரண்டு சத்தம் இருந்திருக்கிறது, ஒன்றாக, ஒரே நேரத்தில். நான் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சமதளமான ரோட்டிலும் வந்தது, ஒரு தடவை. அங்கே குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

டாக்டரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு நான் மட்டும் திரும்பப் போய்ச் சொன்னேன். மாத்திரையை மாற்றி எழுதினார். இனி இது கூடும், கூடக் கூட மாற்றுவோம் என்றார். ஆனால் மருந்தை விடக்கூடாது, வரவேண்டும் என்றார்.

திரும்பும் வழி. இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"என்னங்க."

"ம்."

"சத்தம் போயிட்டா?"

கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் கைப்பிடியில். போய்விட்டது என்றால் மிச்சம் இருப்பது அவளுடையது என்று ஆகிவிடும்.

"முழுசாப் போகல," என்றேன். "லேசா இருக்கு."

"அதான நெனச்சேன்." முகம் கொஞ்சம் தளர்ந்தது. "அதான் இப்பிடி வலிக்கி. நாளைக்கே கொண்டு போய்க் காட்டுங்க. அடுத்த வியாழனுக்குள்ள சரி பண்ணிறச் சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"கண்டிச்சுச் சொல்லுங்க. நீங்க சிரிச்சுப் பேசிட்டு வந்துருவீங்க."

புது மாத்திரை ஒன்று கொடுத்தேன். தூங்குகிறாள்.

நாளை காலை வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய், மதியம் திரும்ப வேண்டும்.