ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள்

ஜூன் 2, திங்கள்

எங்கள் பெரிய ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். மூன்று தெரு தள்ளியிருக்கும் மனநல மருத்துவமனை டாக்டர்களுக்குக் காயம் பார்க்கச் சொல்லித்தர வேண்டுமாம். அங்கே விரலில் கீறல் பட்டால்கூட வண்டியேற்றி எங்கள் கேஷுவால்டிக்கு அனுப்பிவிடுகிறார்களாம். நான்கு வியாழக்கிழமைகள், அடிப்படை மட்டும் போதும் என்றார். இருபத்திரண்டு வருஷமாகப் புண் கழுவிக் கட்டுகிற நர்ஸ் நான். சொல்லிக்கொடு என்று யாரும் கேட்டதில்லை. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

வீட்டில் சொன்னேன். "டாக்டருங்க உன் முன்னாடி நோட்டை விரிச்சு வெச்சுட்டு உக்காருவாங்களா?" என்றார் இவர். கிண்டல்தான். ஆனாலும் குத்தியது.

ஜூன் 5, வியாழன்

பதினொரு பேரில் ஏழு பேர் வந்தார்கள். ஒருவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, சர்ஜன் யாரும் கிடைக்கவில்லையா என்று கேட்டார். கிடைக்கவில்லை என்றேன்.

படிப்பு முடித்த பிறகு புண்ணைத் தொட்டதே இல்லை என்று மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் திறந்த புண்ணில் ஸ்பிரிட் ஊற்றுகிறார்கள். எரிந்தால்தான் கிருமி சாகுமாம். கிருமியோடு புதுச் சதையும் சேர்ந்தல்லவா சாகிறது!

கட்டுத்துணி வெட்டக் கத்தரிக்கோல் கேட்டேன். யாரும் அசையவில்லை. குள்ளமான ஒரு பெண் டாக்டர்தான் எழுந்து, கத்தரிக்கோல் இங்கே பூட்டுக்குள் இருக்கும் என்றார். "துணியும் நீளமா குடுக்க மாட்டோம் சிஸ்டர். கழுத்துல போட்டுக்குவாங்க." எனக்கு அது தோன்றவே இல்லை. சொல்லித்தரப் போனவள் பேந்தப் பேந்த விழித்தேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று பெண்கள் வார்டிலேயே வகுப்பு. அங்கே ஒரு அம்மா இருக்கிறாள். இங்கே வருமுன் துணி தைத்துப் பிழைத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் தையல்காரம்மா. சர்க்கரை வியாதி வேறு. காலையிலிருந்து சாயங்காலம் வரை வெறுங்காலோடு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கிறாள். கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், சட்டைப் பொத்தான் அளவுக்குப் புண். வலி தெரியாது. யாராவது காலிடம் போனால் உதைப்பாள்.

குள்ள டாக்டர் தரையில் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் சும்மாவே இருந்தார். பிறகு, "உங்க காலைத் தொடலாமாம்மா?" என்றார். தையல்காரம்மா யோசித்துவிட்டுக் காலை நீட்டினாள்.

இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க — அவ்வளவுதான்.

அப்புறம் பஞ்சுத் திண்டில் தையல் போடப் பழகினார்கள். போன்காரரின் தோள் வழியே எட்டிப் பார்த்த தையல்காரம்மா, "இப்படி இழுத்துத் தெச்சா சுருங்கும் தம்பி. பிரிச்சுட்டு மறுபடி போடு" என்றாள். வார்டே சிரித்தது. அவர் பிரித்தார்.

ஜூன் 19, வியாழன்

ஸ்பிரிட் பாட்டில்களை அவர்களே ஒதுக்கிவிட்டார்கள். கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

கடைசி வகுப்பு. ஒன்பது பேர். சுவரில் ஒட்ட ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். முன்பக்கம் — அங்கேயே கழுவிக் கட்டக்கூடிய புண்கள். பின்பக்கம் — காய்ச்சல், நாற்றம், கறுப்பு, மேலே ஏறும் சிவப்பு: இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அச்சடித்து எல்லா இடத்துக்கும் தருவதாகக் கண்காணிப்பாளர் வாங்கிக்கொண்டார். அடியில் என் பெயரும் வருமாம்.

ஜூலை 9, புதன்

எப்படி எழுதுவது?

மத்தியானம் கேஷுவால்டி வாசலில் சத்தம். சக்கர நாற்காலியில் தையல்காரம்மா, பக்கத்தில் குள்ள டாக்டர். பாதம் வீங்கி, சிவப்பு கணுக்கால்வரை ஏறியிருந்தது. நாற்றம் நான் நின்ற இடத்துக்கே வந்தது. கேஷுவால்டி டாக்டர் என் தாளைக் காட்டி, உங்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தாயிற்றே, பாதப் புண்ணை நீங்களே பார்க்கலாம் என்று போட்டிருக்கிறதே என்கிறார். கண்காணிப்பாளரும் இருந்தார். என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"சிஸ்டர், இது நீங்க எழுதினதுதானே?"

பின்பக்கம் என்று வாயெடுத்தேன். தாளைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை.

நான் பேசவில்லை. ஏன் பேசல? வாயில என்ன இருந்துச்சு எனக்கு? அவ காலைப் பார்த்தேனே, மோந்தேனே! சத்தம் போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க, தலையையா வாங்கியிருப்பாங்க?

குள்ள டாக்டர் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார்.

ஜூலை 10, வியாழன்

வேலைக்குப் போனேன். பதினான்கு கட்டுகள்.

ஜூலை 14, திங்கள்

தையல்காரம்மாவை நேற்று நினைவில்லாமல் கொண்டுவந்தார்களாம். இந்தத் தடவை சேர்த்துக்கொண்டார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. உயிர் இருக்கிறது.

கண்காணிப்பாளர் அறைக்குப் போய், பின்பக்கம் ஏன் அச்சாகவில்லை என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "அங்க இருக்கிறவங்களை எல்லாம் இங்க படுக்க வெச்சா மத்தவங்க எங்கம்மா படுப்பாங்க?" என்றார். ரொம்ப நிதானமாக, வீட்டுப் பெரியவர் மாதிரி.

இதற்குத்தான் நான்கு வியாழன். கதவைச் சாத்த என் கையைக் கேட்டிருக்கிறார்கள். நானும் பூரித்துப்போய்க் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

தையல்காரம்மா கால் போனதைப் பற்றி விசாரணை. பயிற்சி முழுமையாகத் தரப்பட்டது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன், அன்றைக்கு வாசலில் வாய்மூடி நின்றதையும் சேர்த்து. "உனக்கேன் இந்த வேலை?" என்றார் இவர்.

வராந்தாவில் குள்ள டாக்டர் எதிரே வந்தார். விலகி வழிவிட்டேன். தலையைத் திருப்பாமல் போனார்.

ஆகஸ்ட் 6, புதன்

யார் மீதும் குற்றமில்லையாம். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பயிற்சியால் அங்கிருந்து வரும் நோயாளிகள் பாதியாகக் குறைந்துவிட்டார்களாம். இன்னும் இரண்டு ஊர்களில் இதே வகுப்பை எடுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

கடிதத்தின் பின்பக்கத்திலேயே மனநல மருத்துவமனைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கே போக யாரும் கேட்பதில்லை என்பதால் ஒரே வாரத்தில் கிடைத்துவிடும் என்றார் குமாஸ்தா.

ஆகஸ்ட் 18, திங்கள்

மனநல மருத்துவமனையில் முதல் நாள். குள்ள டாக்டர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கத்தரிக்கோல் சாவியை மேஜைமேல் வைத்து, "பதினோரு மணிக்குப் பொம்பளைங்க வார்டு. லேட் பண்ணாதீங்க" என்றார். அது போதும்.

செப்டம்பர் 3, புதன்

ஆண்கள் வார்டில் ஒருவருக்கு முழங்கை சீழ் பிடித்து, காய்ச்சல். நானே பழைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கேஷுவால்டியில் என்னிடம் வேலை பழகிய பெண்தான் இருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், "அங்கேருந்தா? வெளிய உக்காருங்க" என்றாள்.

நான் உட்காரவில்லை. "உங்க கையை இவங்களுக்குக் காட்டலாமா?" என்று அவரிடம் கேட்டேன். தலையாட்டினார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம்.

இரண்டேகால் மணி நேரம். அப்புறம் உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார்கள்.