பச்சைப் பலாவில் செய்த மணை

17 நவம்பர் 1961, வெள்ளி

நாளை மறுநாள் என் மகள் செல்வியும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார வேண்டிய மணை இன்று மறுபடியும் பிளந்துவிட்டது.

கொல்லையில் சாய்ந்த பலாமரத்தை நானே அறுத்தேன். பலகைகளைக் காயப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இழைத்து, இரண்டை வச்சிரப் பசையால் ஒட்டினேன். ஈர மரத்தில் ஒட்டு எங்கே பிடிக்கும்? விரிசல் நட்டநடுவில், பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இடையில். காலையில் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன். சாயங்காலம் அதுவும் உதிர்ந்து, ஒட்டு விரல் நுழைகிற அளவுக்கு விட்டுவிட்டது.

"சிராங்கூன் ரோட்டுக் கடையில ஒன்னு வாங்கிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"வேணாம்மா. எங்கப்பா அறுத்த மரம்னு மாப்பிள்ளை வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்லா" என்றாள் செல்வி.

மணையைச் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். படுக்கப் போகுமுன் செல்வி வந்து நின்றாள்.

"ஒட்டிடுச்சாப்பா?"

"ஒட்டிடுச்சும்மா."

சாக்கைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டாள்.

பார்த்திருக்கலாம். பார்த்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் இந்நேரம் தூங்கியிருப்பேன்.