தலையில் இல்லாத தையல்

ஜூலை 6, திங்கள். சென்னை.
வெயில். ஆம்பூர் வெயிலில் உப்புத் தண்ணீர் தெளித்தது போல.
மூளைக் கட்டிக்கு முதல் நாள் கதிர்வீச்சு. முகத்தின் அளவுக்கு எடுத்த வலை முகமூடியை மாட்டி, மேசையோடு பூட்டினார்கள். ரோபோ கை ஒன்று தலையைச் சுற்றி வந்து, நின்று நின்று பார்த்தது. எங்கள் தோல் ஃபாக்டரியில் கபீர் பாய் தோலைச் சுற்றி வந்து தரம் பிரிப்பது இப்படித்தான். கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை. முக்கால் மணி நேரம். எழுந்து தலை வாரிக்கொண்டேன்.
ஊரில் இன்று முதல் மூன்று நாள் உபவாச ஜெபம், எனக்காக. பாஸ்டரிடம் "மண்டையில ஆபரேஷன்" என்று சொன்னவன் நான். கதிர்வீச்சு என்றால் விளக்க வேண்டும். ஆபரேஷன் என்றால் மரியாதை ஜாஸ்தி.
மதியம்: மசால் தோசை, இரண்டு.
ஸ்பிரே செக்ஷன் தானியேல் ஞாபகம். எங்கள் சபைதான். முதுகுத்தண்டில் கட்டி, அவருக்கும் இதே மெஷின் எழுதியிருக்கிறார்கள். "நீங்க போய்ட்டு வாங்க சார். உங்களப் பாத்துட்டு நான் போறேன்."

ஜூலை 8, புதன்.
முடிந்தது. கட்டி மெல்லத்தான் சுருங்குமாம். ஆறு மாதம் கழித்து ஸ்கேன்.
டாக்டரிடம்: "கட்டு எதுவும் போட வேணாமா?"
"எதுக்கு?"
நர்ஸ் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

ஜூலை 11, சனி. ஆம்பூர்.
வாங்க: கொத்தமல்லி, பிளேடு, பேண்டேஜ் துணி ஒன்று.
கிரேஸ்: "இது எதுக்குங்க?"
"நாளைக்குக் கோயிலுக்கு. மூணு நாள் பட்டினி கெடந்தவங்க முன்னாடி தலை வாரிட்டுப் போய் நிக்கச் சொல்றியா?"
அவள் கொத்தமல்லியை ஆய ஆரம்பித்தாள். கட்டிப் பார்த்தேன். நன்றாகவே பொருந்தியது.

ஜூலை 12, ஞாயிறு.
கோயிலில் எல்லார் முன்னாலும் சாட்சி சொன்னேன். "தேவன் காப்பாற்றினார்." அவ்வளவே. ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யைப் பேண்டேஜ் பார்த்துக்கொண்டது. மூன்று நாளும் தண்ணீர் மட்டும் குடித்த எஸ்தர் அம்மா, வயது எழுபது, என் கையைப் பிடித்து அழுதார்.

ஜூலை 13, திங்கள்.
வேலைக்கு, கட்டோடு. கபீர் பாய் என்னை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். "முப்பது வருஷமா தோல்ல தழும்பு பாக்குறேன் சார். இதுக்கு அடியில ஒண்ணும் இல்ல."
கட்டை இழுத்துச் சரிசெய்தேன்.
"நான் யாருகிட்டயும் சொல்லல. தானியேல் ஆஸ்பத்திரியே வேணான்னுட்டான், தெரியுமா? இருபத்திமூணாம் தேதி குடுத்திருந்தாங்க. 'மெஷின்னு சொல்லிட்டு சார் மண்டையவே பொளந்துட்டாங்க, என் முதுக விடுவாங்களா'ன்றான்."
எழுதும்போதும் காது சுடுகிறது.

ஜூலை 14, செவ்வாய்.
தானியேல் வீடு. அவர் முன்னால் கட்டை அவிழ்த்தேன். தலை முழுக்கத் தடவிப் பார்த்தார்.
"தையல் எங்க சார்?"
"இல்ல. வெட்டவே இல்ல."
"அப்போ ஞாயித்துக்கிழமை?"
"மெடிக்கல்ல வாங்குனது."
அவர் மனைவி காபியை வைத்துவிட்டு நிற்காமல் உள்ளே போனார்.
தானியேல்: "எதை சார் நம்பறது? இதையும் கோயில்ல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

ஜூலை 19, ஞாயிறு.
தூறல். சொன்னேன், வெறுந்தலையோடு. யாரும் அழவில்லை. பாஸ்டர் சீக்கிரமே பாட்டை ஆரம்பித்துவிட்டார்.
வாசலில் எஸ்தர் அம்மா. "அப்போ அந்த மூணு நாளும் நீ சாப்ட்டியாப்பா?"
"சாப்ட்டேம்மா."
"இன்னா சாப்ட்ட?"
"மசால் தோசை."
குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.
பின்னாலிருந்து தானியேல்: "வியாழக்கிழமை போறேன். எந்த ஓட்டல் சார்?"