என் பெயருக்கு நீங்கள் சொன்ன ஆஜர்

அத்தான்,

இன்று காலை இரணியல் ரோட்டில் வேலை தொடங்குவதற்கு முன், பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் இப்போதும் அதே மராமத்து ரோட்டு வேலைக்குத்தான் மேஸ்திரி. பன்னிரண்டாவது பெயருக்கு ஒரு குரல் "ஆஜர்" என்றது. தொண்டையை விட்டு வெளியே வர மனமில்லாத குரல். நிமிர்ந்து பார்த்தேன். பெயருக்கு உரியவன் வரவில்லை. அவனுடைய அக்காளைக் கட்டியவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். நேற்று பாறையில் வைத்த வெடியின் மருந்து வாடை இன்னும் காற்றில் இருந்தது. எழுதாமல் பிடித்திருந்த பேனாவிலிருந்து மை பதிவேட்டில் சொட்டிவிட்டது.

நீங்கள் போய் நான்கு வருஷமாகிறது. எழுதினால் நீங்கள் படிக்கவா போகிறீர்கள் என்று இத்தனை நாள் சும்மா இருந்தேன். உயிரோடு இருந்தபோதும் கடைசி மூன்று வருஷம் உங்களால் எதையும் படிக்க முடியவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா காய்ச்சலில் செத்த வாரம் ஓவர்சியர் வீட்டுக்கு வந்தது ஞாபகமிருக்கிறதா? கிழவர் இருந்த இடத்தில் மகன் பெயரை எழுதிக்கொள்கிறேன், திங்கள்கிழமை வரச்சொல் என்றார். எனக்குப் பதினாறு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வகுப்பு பாக்கி. நான் அழுதேன். அக்காளைக் கட்டி நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "அவன் படிக்கட்டும். பேரு அவனுக்கக் கணக்குல கெடக்கட்டும், நான் பகரம் நிக்கேன்" என்றீர்கள். ஓவர்சியர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பேரு விளிக்கும்போ யாராவது ஒருத்தன் சத்தம் குடுத்தாப் போரும்" என்று சிரித்தார்.

ஒருத்தருக்குப் பகரம் ஒருத்தர் போய் நிற்பது அப்போது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. அண்ணனுக்குத் தம்பி நிற்பான், மாமனாருக்கு மருமகன் நிற்பான். இடம் குடும்பத்தில் இருந்தால் சரி. அப்படி ஆறு வருஷம், விடிந்ததும் என் பெயரை யாரோ கூப்பிட, நீங்கள் ஆஜர் சொன்னீர்கள். நான் பள்ளிக்கூடத்தை முடித்தேன். பிறகு கொல்லத்தில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனேன். கடை நொடித்துப்போய் நான் வெறுங்கையோடு திரும்பியபோது, "ஒனக்க இடம் ஒனக்குத்தான் மக்கா" என்று நகர்ந்து கொடுத்துவிட்டு, உங்கள் பெயரைப் புதிதாக எழுதிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றீர்கள்.

அடுத்த வருஷமே மேஸ்திரி வேலை வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருக்க வேண்டும். படிப்பு என்னுடையது. வருஷம் உங்களுடையது. எனக்குத் தலைப்பாகை கட்டிவிட்டு நீங்கள்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். எனக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை அத்தான், துளியும் இல்லை.

அதற்கு மறுவருஷம்தான் அந்த வெடி. நான்கு திரி கொளுத்தியதில் மூன்றுதான் வெடித்தது. நாலாவது அணைந்துபோயிற்று என்று நினைத்து எட்டிப் பார்த்தீர்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தீர்கள். கண்கட்டை அவிழ்த்த அன்று அக்காள் உங்கள் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வேலையில் அடிபட்டு முடமானவனுக்கு உபகாரச் சம்பளம் உண்டு என்றார்கள். டாக்டர் இரண்டு கண்ணும் போயிற்று என்று எழுதித் தந்தார். ஹர்ஜி எழுதிப் போட்டேன். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஐந்து வருஷம் விடாமல் பெயர் பதிந்திருக்க வேண்டுமாம். உங்கள் பெயருக்கு இரண்டு வருஷம்தான் இருந்தது. கண் போனதை நம்பினார்கள், வேலை பார்த்ததைத்தான் நம்பவில்லை.

அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டம் உங்களுக்குத் தெரியும். மிஷன் உபதேசியாரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கினேன். வக்கீல் குமஸ்தாவின் காலைப் பிடித்தேன். கோயில் கொடைக்குப் போன இடத்தில் ஒரு பெரிய உத்தியோகஸ்தரை வழிமறித்து அழுதேன். முட்டத்தில் ஒருவருக்குத் திவானைத் தெரியும் என்றார்கள் என்று அந்த வெயிலில் முட்டத்துக்கும் நடந்தேன். அவருக்குத் தெரிந்தது திவான் வீட்டுச் சமையல்காரனை. பார்த்தவர்கள், அக்காள் புருஷனுக்காக இப்படி உயிரை விடுகிறானே என்று என்னை மெச்சினார்கள். நீங்கள் வேலை பார்த்த அந்த ஆறு வருஷமும் அதே பதிவேட்டில் என் பெயருக்கு நேராக இருக்கிறது என்று மட்டும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. கூட நின்றவர்களுக்குத் தெரியும், ஆனால் அவர்களும் பகரம் நின்றவர்கள்தான், வாய் திறக்க மாட்டார்கள்; ஓவர்சியருக்குத் தன் வேலை பெரிது. நான் சொன்னால் மேஸ்திரி வேலை போகும். ஏமாற்றினேன் என்று வழக்கும் வரும். அப்போது என் மூத்தவள் பிறந்து இருபது நாள்.

கடைசியாக நாகர்கோவிலில் பெரிய எஞ்சினியர் நேரில் விசாரிப்பதாகச் சொன்னார். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வர, இருட்டு விலகும்போதே நடந்தோம். வழியெல்லாம் கம்பால் தட்டிக்கொண்டே வந்தீர்கள். "இது நாம கெட்டுன கலுங்கு, அடியில வெள்ளம் போற சத்தம் கேக்கு. இந்தால ஒரு மாமரம் நிக்குமே, நிக்கா?" நின்றது. "இந்த வளைவுல ஜல்லி சரியா இருகல, அப்பவே ஓவர்சியர்ட்டச் சொன்னேன்" என்றீர்கள். அந்த ரோட்டில் உங்கள் கை படாத கல் இல்லை. நான் அன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் கிளம்பியிருந்தேன். ராத்திரியே அக்காளிடமும் சொல்லியிருந்தேன். அவள் என் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

வடசேரியில் சுக்கு வெள்ளம் குடிக்க நின்றோம். தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டீர்கள்: "இன்னைக்கு நீ என்னமும் சொல்லணும்னு நெனச்சிருக்கியா?"

"ஆமா அத்தான்."

"சொல்லப்பிடாது. ரெண்டு அடுப்பும் அணைஞ்சா யாரு யாருக்குக் கஞ்சி ஊத்த? ஒண்ணாவது எரியட்டும்."

நான் சுக்கு வெள்ளத்துக்குக் காசு கொடுத்தேன். அப்போதும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், அல்லது அப்படி எண்ணிக்கொண்டிருந்தேன்.

எஞ்சினியர் நல்ல மனிதர். உங்களை உட்காரச் சொன்னார். பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். என் பெயர் இருந்த பக்கத்தை அவர் விரல் தாண்டிப்போனதை நான் பார்த்தேன். "இதற்கு முன்னால் எங்காவது வேலை பார்த்திருக்கிறாயா? யாராவது சாட்சி உண்டா? இருந்தால் சொல், ஏதாவது செய்யலாம்" என்று உங்களிடம் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உங்கள் கை தடவி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"இல்ல ஏமானே. அதுக்கு முந்தி வயல்வேலையாக்கும். நடவு, அறுப்புன்னு கெடந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். "நீ மேஸ்திரிதானே, உனக்கு ஏதாவது தெரியுமா?"

உங்கள் பிடி வலிக்கவில்லை அத்தான். நான் நினைத்திருந்தால் உதறியிருக்கலாம். "தெரியாது" என்றேன். அதைச் சொன்னதும் எனக்கு மூச்சு லேசானது. இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சொல்லாதது அதுதான். அழுகை வரவில்லை, நெஞ்சு வெடிக்கவில்லை, அப்பாடா என்று இருந்தது.

திரும்பி வரும்போது நீங்கள் கம்பால் தட்டவே இல்லை.

மூன்று வருஷம் வீட்டு மூலையில் கயிறு திரித்தீர்கள். அக்காள் ஓலை முடைந்தாள், அறுவடைக்குப் போனாள், ஒரு நேரம் பொங்கினாள். நான் அரிசி கொண்டுபோனால் வாங்கிக்கொண்டாள், ஆனால் என்னை உட்காரச் சொன்னதில்லை. உங்களை அடக்கம் செய்து எல்லாரும் போன பிறகுதான் பேசினாள். "அவரு ஒனக்கு வேண்டி ஒரு பொய் சொன்னாரு. நீ எனக்கு வேண்டி ஒரு நெசம் சொல்லப்பிடாதா லே?" சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. நான் முற்றத்தில் கிடந்த ஓலையை அடுக்கிவைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சொன்னால் என்ன என்று தோன்றாமல் இல்லை. செத்தவனுக்கு உபகாரச் சம்பளம் கிடையாது. என் வேலைதான் போகும், என் வீட்டிலும் நாலு பிள்ளைகள். இப்படியே கணக்குப் பார்த்துப் பார்த்துத்தான் அன்றும் இருந்தேன் என்பது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் இருக்கிறேன்.

காலையில் அந்த ஆளைப் பக்கத்தில் கூப்பிட்டேன். மச்சினனுக்கு விஷக்காய்ச்சல், பெயர் வெட்டுப்படாமலிருக்க ஒரு மாதம் மட்டும் பகரம் நிற்கிறேன் என்றான். நான் மச்சினன் பெயருக்கு நேராக "வரவில்லை" என்று எழுதினேன். கீழே ஒரு புது வரி போட்டு, அவனுடைய சொந்தப் பெயரை, அப்பன் பெயரோடு எழுதினேன்.

"ஏமானே, அவனுக்க இடம் போயிருமே. அவன் சீக்காளியாக்கும். நீங்க மனுஷந்தானா?"

"இன்னைக்கு வேல செய்யது நீ. ஒனக்க பேருதான் கெடக்கணும்" என்றேன். அவன் மண்வெட்டியைத் தரையில் குத்திவிட்டு அழுதான். நான் செய்தது சரியா என்று எனக்கு இந்த நேரம்வரை தெரியவில்லை. அந்தச் சீக்காளி எழுந்து வந்து என் வாசலில் நிற்பான், அவனுக்கும் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மேஸ்திரி கல்நெஞ்சக்காரன் என்று இந்த ரோடு முழுக்கப் பேச்சு. ஏன் என்று தெரிந்தவர்கள் அக்காளும் நானும்தான்.

பதிவேட்டில் முதல் பெயர் என்னுடையது. மேஸ்திரி தன் பெயரைத் தானே கூப்பிட்டு, தானே பதிந்துகொண்டு, பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு நாளும் என் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்கிறேன். வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நாளைக்கும் கூப்பிடுவேன். வரிசையின் கடைசிவரை பார்ப்பேன். யாரும் சத்தம் கொடுக்க மாட்டார்கள். அப்புறம் ஆஜர் என்று நானே எழுதிக்கொள்வேன், அத்தான்.